காணாமல் போன ஐந்து நாய்கள்

லோஜினிக்கு வேலை கிடைத்தபோது டயகமயில் இருக்கும் அவளுடைய அம்மா, "மக கம்ப்யூட்டர் வேலைக்குப் போறா" என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லி வந்தாள். அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருப்பவை முழுக்க முழுக்க நாய்கள் என்பதை மட்டும் அம்மா யாரிடமும் சொல்லவில்லை.

அக்கரப்பத்தனை பஜாரில் ஜமால்தீன் நானாவின் பிளாஸ்டிக் சாமான் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அறை. தேயிலைத் தோட்டத்து நாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி போடுகிற சங்கம் ஒன்றின் அலுவலகம் அது. அங்கே இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒழுகுகிற ஒரு ஜன்னல், இணைப்பாளர் சுதாகரன் சேர். சேருக்கு ஐம்பது வயது. கம்பளிச் சட்டையைக் கழற்றியே யாரும் பார்த்ததில்லை. நாய்களுக்குப் பயப்படாத மனுசர்தான். ஆனால் ஹட்டன் தலைமை அலுவலகத்தில் இருந்து போன் வந்தால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிடுவார்.

போன வருசம் பெப்ரவரியிலும் மார்ச்சிலும் ஆறு ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டு, மணிக்கல் தோட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு நாய்களுக்கு ஊசி போட்டிருந்தார்கள். லோஜினி வருவதற்கு முந்திய கதை அது. இந்த வருசம் இரண்டாவது ஊசிக்கு முன்னோட்டமாக ஹட்டனில் இருந்து வந்த குழு, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டைகர் என்ற நாயை அரை நாள் தேடியது. கடைசியில் டைகரின் வீட்டுக்காரர் வேலையில் இருந்து வந்து, பேரிக்காய் மரத்தடியைக் காட்டினார்.

"அங்கதாங்க இருக்கான். எட்டு மாசமா."

அன்றைக்குச் சுதாகரன் சேர் போனில் இருபது நிமிடம் நின்றார். போனை வைத்துவிட்டு லோஜினியிடம் சொன்னார்: "பட்டியல் எந்நேரமும் உசிரோட இருக்கணும் லோஜினி. எப்பத் திறந்து பார்த்தாலும் அன்னைக்கு நிலவரம் தெரியணும். நீங்க ஏதாவது செய்யுங்க."

லோஜினி செய்தாள். ஹட்டனிலும் இங்கேயுமாக மூன்று பேரின் கம்ப்யூட்டர்களில் மூன்று விதமாகக் கிடந்த பட்டியலை முதலில் ஒரே இடத்துக்குக் கொண்டு வந்தாள். ஒவ்வொரு நாய்க்கும் நேராக, கடைசியாக அதைப் பற்றிச் செய்தி வந்த நாளை எழுத ஒரு கட்டம் போட்டாள். அப்புறம் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினாள். திங்கட்கிழமை தோறும் காலை ஆறு மணிக்கு அது தானாகவே கண்விழித்து, வீட்டுக்காரர்களின் போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். 'வணக்கம். உங்கள் நாய் ராஜா நலமா? நலம் என்றால் 1. காணவில்லை என்றால் 2. இறந்துவிட்டது என்றால் 3. வேறு விசயம் இருந்தால் 4 போட்டு எழுதவும்.' பதில் வந்தால் பட்டியலில் நாள் மாறும். மூன்று வாரம் பதிலே வராத நாய் மஞ்சளாகும். ஒரே லயத்தில் ஒரே வாரம் மூன்று நாய்களுக்கு மேல் காணவில்லை என்று வந்தால் அந்த லயம் சிவப்பாகி, சுதாகரன் சேரின் போன் அலறும். நோய் பரவினாலும், அங்கே புலி என்று சொல்கிற சிறுத்தை இறங்கினாலும் முதலில் காணாமல் போவது நாய்கள்தானே என்று லோஜினி யோசித்து வைத்த ஏற்பாடு அது.

முதல் திங்கட்கிழமை வந்த பதில்களை வாசித்து முடிக்க அவளுக்கு மத்தியானமாகிவிட்டது.

'எங்க வீட்டுல மனுசங்க நலமான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நாய் நலம்' என்று ஒருவர். '4. நாய் நல்லாருக்கு. கூரைத் தகரம் ஒழுகுது' என்று இன்னொருவர். ஒரு வீட்டில் இருந்து முதல் வாரம் 3 வந்தது. லோஜினி வருத்தத்தோடு நாயைப் பட்டியலில் இருந்து எடுத்தாள். அடுத்த வாரம் அதே வீட்டில் இருந்து 1 வந்தது. போன் போட்டுக் கேட்டதற்கு, "அன்னைக்குக் கோழியப் புடிச்சிருச்சுங்க. கோவத்துல மூணு போட்டுட்டேன்" என்று பதில்.

ஆனாலும் பட்டியல் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. செத்தவை கழிந்தன. வீட்டுக்காரரோடு கொழும்புக்குப் போனவை கழிந்தன. நான்காவது வாரம் சுதாகரன் சேர் அந்தப் பட்டியலைப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இதை ஹட்டன்ல சுவத்துல இருக்கிற பெரிய ஸ்கிரீனுக்கு இணைக்க முடியுமா?" என்று கேட்டார். யார் கையும் படாமல், இங்கே மாறினால் அங்கேயும் அந்த நொடியே மாற வேண்டும். அவள் இணைத்துக் கொடுத்தாள். சேர் அன்றைக்கு இரண்டு பேருக்கும் தேத்தண்ணிக்குக் கடிக்க ரோல்ஸ் வாங்கினார்.

ஐந்தாவது திங்கட்கிழமை காலை ஆறே காலுக்குச் சேரின் போன் அலறியது. மணிக்கல் தோட்டம், கீழ்க்கணக்கு, ஏழாம் நம்பர் லயம். அந்தத் தோட்டத்தில் டிவிசனைக் கணக்கு என்றுதான் சொல்வார்கள்; மேல்க்கணக்கு, கீழ்க்கணக்கு என்று. கீழ்க்கணக்கின் அந்த ஒரு லயத்தில் ராஜா, சூரன், ஜிம்மி, சிங்கம், பொட்டு ஆகிய ஐந்து நாய்களையும் காணவில்லை.

லோஜினி பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் சேர் தோட்ட ஆபீசுக்கு, வனஜீவராசிக்காரர்களுக்கு, ஹட்டனுக்கு, எல்லா இடத்துக்கும் பேசி முடித்திருந்தார். ஹட்டனுக்குப் பேசத் தேவையே இருக்கவில்லை. அங்கே சுவரில் ஏற்கெனவே சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"புலி இறங்கியிருக்கு" என்றார் சேர். "அஞ்சு நாய் ஒரே நேரத்துல. ஒரே புலியா இருக்க முடியாது. ரெண்டு புலி."

ஒன்பது மணிக்குத் தோட்டத்தில் ஓர் ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, யாரும் தனியாக நடமாட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போனது. கொழுந்து பறிக்கப் பெண்கள் ஒன்பதாம் நம்பர் மலைக்குப் போக மறுத்தார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றினார். மத்தியானத்துக்குள், மருந்தடிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற மூக்கன், புலியைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். முதலில் அவர் சொன்னபோது அது கன்றுக்குட்டி அளவு இருந்தது. பின்னேரம் லோஜினி போய்ச் சேரும்போது நுவரெலியா பஸ்ஸில் பாதி இருந்தது.

ஏழாம் நம்பர் லயத்தில் முதல் காம்பரா பூரணியின் வீடு. பூரணிக்கு நாற்பது வயது. கைவிரல் கொழுந்தில் ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும் என்று கங்காணியே சொல்வார். வீட்டுக்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்பில் லோஜினிக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள்.

"ராஜா எப்பிடி இருக்கும்க்கா? அடையாளம் சொல்லுங்க."

"செவலையா இருப்பான். இடது காது நுனியில கிழிஞ்சிருக்கும். வால் கொஞ்சம் கட்டை. தங்கமான புள்ள." பூரணியின் கண் கலங்கியது. பொய்க் கண்ணீர் இல்லை அது.

லோஜினி எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அது மூக்கனின் வீடு.

"சூரன் எப்பிடி இருக்குங்க மாமா?"

மூக்கன் ஒரு கணம் பூரணியின் வீட்டுப் பக்கம் பார்த்தார். "கறுப்பு" என்றார்.

"ஊசி போட்ட கார்டுல செவலைன்னு எழுதியிருக்கே."

"மழையில நனைஞ்சா கறுப்பாத் தெரியும்."

"காது?"

"ரெண்டு காதும் இருக்கும்."

"இடது காது கிழிஞ்சதுன்னு கார்டுல இருக்குங்க."

மூக்கன் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டார். "நாங்க அதையெல்லாம் பெருசா எடுத்துக்கிறதில்ல" என்றார்.

மற்ற மூன்று வீடுகளிலும் ஜிம்மியும் சிங்கமும் பொட்டும் வெவ்வேறு நிறத்தில், வெவ்வேறு உயரத்தில் வருணிக்கப்பட்டன. ஆனால் கார்டுகளை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதியிருந்தது: செவலை, கடுவன், இடது காது கிழிசல். பொட்டுவின் வீட்டுக்காரி மட்டும், "எங்க பொட்டு பொட்டையாச்சே" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரி இருமியதும், "இல்ல, ஆம்பளதான்" என்று திருத்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பீலிக்கரையில் தண்ணீருக்கு வரிசையாக வாளிகள் வைத்திருந்ததை லோஜினி பார்த்தாள். அதில் ஐந்து வாளிகள் ஒரே நீலம், ஒரே அளவு. அப்போது அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் ஒரே பயம். தன் புரோகிராம் எங்கேயோ ஒரே பதிலை ஐந்து தடவை பிரதி எடுத்துவிட்டதோ, அதை நம்பித்தான் ஜீப்பும் ஒலிபெருக்கியும் மலை ஏறிக்கொண்டிருக்கின்றனவோ என்று நினைத்தபோது பஸ்ஸில் அவளுக்கு வியர்த்தது. அந்தக் குளிரில்.

அந்த வாரம் முழுக்க அவள் தான் எழுதியதை வரி வரியாகத் திருப்பிப் பார்த்தாள். பிழை ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆறு மணிக்கு மெசேஜ் போனது. ஆறு இரண்டுக்கும் ஆறு ஒன்பதுக்கும் இடையில் ராஜா, சூரன், ஜிம்மி, சிங்கம், பொட்டு ஐந்துக்கும் 1, 1, 1, 1, 1 என்று வந்து விழுந்தது. ஐந்து நாய்களும் நலம். ஐந்தும் வீடு திரும்பிவிட்டன.

"நல்லதாப் போச்சு" என்று சேர் மூச்சு விட்டார்.

லோஜினிக்குத்தான் மனம் ஆறவில்லை. நாய் பிடிக்கிற சிறுத்தை உண்டு. பிடித்த நாய்களை ஒரு வாரம் வைத்திருந்து ஒன்றாகத் திருப்பி அனுப்பும் சிறுத்தை உண்டா? பட்டியலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். மேல்க்கணக்கில் ராசம்மா என்பவரின் மணி என்ற நாய் அன்றைக்குக் காணாமல் போயிருந்தது. தனி ஒரு நாய் என்பதால் புரோகிராம் அதைப் பொருட்படுத்தவில்லை. மணியின் பழைய பதில்களைப் பார்த்தாள். முதல் நான்கு வாரமும் 2. ஐந்தாவது வாரம் 1. இப்போது மறுபடி 2. ஏழாம் நம்பர் லயத்து ஐந்தும் முதல் நான்கு வாரம் 1. ஐந்தாவது வாரம் 2. இப்போது 1.

ராசம்மாவுக்குப் போன் போட்டாள்.

"மணி போன வாரம் உங்க வீட்டுலதானேங்க இருந்துச்சு?"

"ஆமா புள்ள. முனியாண்டி கோயில்ல கெடா வெட்டு. எலும்புக்கு வந்தவன், ஒரு கிழமை அப்பிடியே தங்கிட்டான். முந்தாநாத்து மறுபடி போயிட்டான். அவன் இப்பிடித்தான், வேலைக்குப் போற ஆம்பள மாதிரி."

"அடையாளம் என்னங்க?"

"செவல. இடது காது கிழிசல். ரொம்ப சாது. நாங்க ஊசிக்குக் கொண்டு போனப்ப மத்த நாய்க எல்லாம் குதிக்குதுங்க, இவன் பாட்டுக்குப் போய் டொக்டர் நோனா முன்னால நிக்கிறான். என்னமோ பழக்கப்பட்டவன் மாதிரி."

ஆறு ஞாயிற்றுக்கிழமை முகாம். ஆறு கார்டு. ஒரே நாய். லோஜினி போனை வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். சேர் வெளியே போயிருந்தது நல்லதாகப் போயிற்று. சிரித்து முடிந்ததும் நீல வாளிகள் நினைவுக்கு வந்தன. கீழே இறங்கி ஜமால்தீன் நானாவிடம் போனாள். அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நானா, இந்த நீல வாளி யாராவது மொத்தமா வாங்கினாங்களா?"

"உங்க சங்கந்தான் வாங்கிச்சு. போன வருசம். நாயை ஊசிக்குக் கூட்டிட்டு வாற வீட்டுக்கு ஒரு வாளி. அப்பத்தானே ஆக்கள் வருவாங்கன்னு சேர் சொன்னாரு." நானா துடைப்பதை நிறுத்தினார். "நானூத்திப் பன்னிரண்டு வாளி. இந்தத் தோட்டத்துல இவ்வளவு நாய் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அந்த நேரமே நான் யோசிச்சேன்."

"யோசிச்சிட்டு ஏன் சொல்லல?"

"நான் வாளி விக்கிறவன் புள்ள. நாய் எண்ணுறது உங்க வேலை."

அன்றைக்கே லோஜினி புரோகிராமுக்கு இன்னொரு வேலையையும் கற்றுக்கொடுத்தாள். ஒரே நிறம், ஒரே அடையாளம் உள்ள நாய்களைத் தேடி எடு. அவை சேர்ந்தே காணாமல் போய்ச் சேர்ந்தே திரும்புகின்றனவா என்று பார். ஒன்று தொலையும் நாளில் இன்னொன்று கிடைக்கிறதா என்றும் பார். பின்னேரத்துக்குள் அது எழுபதுக்கு மேற்பட்ட பெயர்களைச் சந்தேகப் பட்டியலில் தள்ளியிருந்தது. இத்தனை வாரமும் அவள் பட்டியல் பழசாகிவிடாமல் காத்தாள். பட்டியல் பிறந்த அன்றே பொய் சொல்லியிருக்கும் என்று யார் நினைத்தது?

சுதாகரன் சேர் திரும்பி வந்து, அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார்.

"வாளி என் யோசனை" என்றார்.

"தெரியும் சேர்."

"பதினாறாந்தேதி ஹட்டன்ல கூட்டம். நானூத்திப் பன்னிரண்டுன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா. கூட்டம் முடியிற மட்டும் இதை வெளிய விட வேண்டாம்."

"சந்தேகப்பட்ட நாய் எல்லாம் மஞ்சள் ஆகிடும் சேர். ஆகிடுச்சு. ஹட்டன் சுவத்துல இப்பத் தெரியும்."

"அதை நிறுத்த ஏலாதா?"

"கைபடாம இணைக்கச் சொன்னீங்க."

சேர் எழுந்து போய் ஒழுகுகிற ஜன்னலை இழுத்துச் சாத்தினார். அவரைப் பார்க்க லோஜினிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட அவளுக்குள் ஒரு குறும்பு எழும்பிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாய்னு சரியாத் தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு சேர்" என்றாள். "எந்த நாயும் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல நிக்க ஏலாது."

அந்த வெள்ளிக்கிழமை தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் மெசேஜ் போனது. 'வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நாய்ப் பெரட்டு. எல்லாக் கணக்குகளிலும் ஒரே நேரம். ஊசிக் கார்டு உள்ளது, இல்லாதது எல்லா நாயும் வர வேண்டும். வராத நாயின் வாளி திருப்பி எடுக்கப்படும்.' கடைசி வரியைச் சேர் சொல்லவில்லை. லோஜினி தானாகச் சேர்த்தது.

தோட்டத்தில் பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூப்பிட்டுப் பேர் பதிவது. நாய்களுக்குப் பெரட்டு என்று கேள்விப்பட்டதும் கங்காணிமார் இரண்டு நாள் சிரித்தார்கள். ஏழாம் நம்பர் லயத்தில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. ஐந்து வீட்டாரும் பீலிக்கரையில் கூடிப் பேசினார்கள். வாளியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சொன்ன ஒருத்தியைப் பூரணி ஒரு பார்வையிலேயே உட்கார வைத்தாள்.

ஞாயிறு காலை மழை இல்லை. கீழ்க்கணக்குப் பெரட்டுக்களத்தில் லோஜினி ஒரு மேசை போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் சேர், குடையோடு. ஊசி போடுகிற டொக்டர் நோனா வேடிக்கை பார்க்கவே வந்திருந்தார். பாதி சிங்களமும் பாதி தமிழுமாகப் பேசுகிற மனுசி. மேல்க்கணக்கிலும் மற்ற இரண்டு கணக்குகளிலும் சங்கத்தின் ஆட்கள் அதே நேரத்துக்குக் காத்திருந்தார்கள்.

பத்து மணிக்குக் களம் குரைப்பால் நிறைந்தது. கயிற்றில் வந்தவை, சேலைத் துண்டில் வந்தவை, தூக்கி வரப்பட்டவை. லோஜினி பேர் கூப்பிட்டாள்.

"ஏழாம் நம்பர் லயம். ராஜா."

பூரணி செவலை நாயோடு முன்னால் வந்தாள். இடது காது கிழிந்திருந்தது. நாய் மேசைக்கு முன்னால் நின்று, டொக்டர் நோனாவைப் பார்த்ததும் பழக்கதோசத்தில் பின்னங்காலைக் காட்டியது.

"சூரன்."

மூக்கன் வந்தார். அவர் கையில் இருந்த சங்கிலியின் மறுமுனையில், அந்தத் தோட்டத்திலேயே யாரிடமும் இல்லாத மாதிரி, வெள்ளையும் பொன்னிறமுமாகப் பூப்பூவாய் முடி வைத்த ஒரு நாய். சோப்பு வாசம் மேசை வரைக்கும் வந்தது.

லோஜினி கார்டைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். "இது செவலையா மாமா?"

"குளிப்பாட்டினேன்."

"காது கிழியலயே."

"ஆறிப் போச்சு."

சேர் குடையைக் கீழே வைத்தார். அவருக்கு அந்த நாயை எங்கேயோ பார்த்த ஞாபகம். அதற்குள் களத்துக்கு மேலே ரோட்டில் ஜீப் வந்து நின்றது. துரை இறங்கி, யாரையும் திட்டாமல், இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தார். சூரன் மூக்கனைச் சங்கிலியோடு பத்தடி இழுத்துக்கொண்டு போய் ஜீப்பில் ஏறியது. பங்களாக் காவல்காரரிடம் ஒரு மணி நேரத்துக்கு என்று வாங்கி வந்த நாய் அது. துரை நாயை ஏற்றிக்கொண்டு போகும்போது மூக்கனைப் பார்த்து, "புலி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். மூக்கன் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

மற்ற மூன்று வீட்டாரும் கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்கள். அந்த நேரம் மேல்க்கணக்கில் இருந்து குறுக்குப் பாதையால் ஒரு பெண் மூச்சு வாங்க இறங்கி வந்தாள். அங்கே பேர் கூப்பிட்டு, நாய் இல்லாமல் அனுப்பப்பட்ட ராசம்மா. செவலை நாயைக் கண்டதும், "மணி, இங்கயா இருக்கே" என்றாள்.

நாய் பூரணியின் கயிற்றை உருவிக்கொண்டு ராசம்மாவிடம் ஓடியது.

"அது எங்க ராஜா" என்றாள் பூரணி.

"சிங்கம், வாடா" என்று பின்னால் இருந்து ஒரு குரல். நாய் திரும்பியது. "ஜிம்மி" என்றது இன்னொரு குரல். நாய் அந்தப் பக்கமும் திரும்பியது. ஆறு பேரும் ஆறு பெயரில் கூப்பிட, அது ஒவ்வொருவருக்கும் மரியாதையாக வாலை ஆட்டி, கடைசியில் யாரிடமும் போகாமல் நடுக்களத்தில் உட்கார்ந்துகொண்டது.

டொக்டர் நோனா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஆறு ஊசி. இனி விசர் நோய்தான் இவருக்குப் பயப்பட வேணும்" என்றார்.

சேர் மட்டும் சிரிக்கவில்லை. பூரணியைப் பார்த்து, "ஏன்மா இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

பூரணி கொஞ்சமும் தயங்கவில்லை. "நாங்க பொய் சொல்லலீங்க. அஞ்சு வீட்டுலயும் சோறு திங்கிறான். அஞ்சு வீட்டுலயும் படுக்கிறான். யாரு நாய்னு உங்க ஆளு வந்து கேட்டப்ப, எங்க நாய்னு சொன்னோம். ஒவ்வொரு வீட்டுலயும் தனித்தனியாக் கேட்டது நீங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வாளி நல்ல வாளிங்க" என்றாள்.

சேருக்குச் சிரிப்பு முட்டியது. அதை மறைக்க அவர் குடையை விரித்தார். வானத்தில் ஒரு துளி மழை இல்லை.

பன்னிரண்டு மணிக்கு நான்கு கணக்குகளில் இருந்தும் எண்ணிக்கை வந்தது. மணிக்கல் தோட்டத்து நாய்கள் மொத்தம் இருநூற்று அறுபத்து மூன்று. வாளி ஒன்றையும் யாரும் திருப்பி எடுக்கவில்லை.

பதினாறாந்தேதி லோஜினியும் சேரோடு ஹட்டனுக்குப் போனாள். பஸ்ஸில் சேர் பேனாவை மூடவே இல்லை. தாளில் எழுதி வைத்த பேச்சை அடித்து அடித்து எழுதிக்கொண்டு வந்தார். கூட்டத்தில் சங்கத் தலைவியம்மா சுவரைக் காட்டி, நானூற்றுப் பன்னிரண்டு எப்படி இருநூற்று அறுபத்து மூன்றானது என்று கேட்டார். சேர் எழுந்தார். தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"மேடம், மணிக்கல்ல ஊசி போடாத நாய் ஒன்னுகூட இல்ல. இதை நான் நேர்ல எண்ணிட்டு வந்து சொல்றேன். செத்ததும் ஊரை விட்டுப் போனதும் போக, மத்ததெல்லாம் ஒரே நாய்க்குப் பல தடவை போட்டது; ஒரு நாய்க்கு ஆறு தடவை போட்டிருக்கோம். அது எங்க பிழை. வாளி என் பிழை." பிறகு நாய்ப் பெரட்டு நடந்த கதையைச் சொன்னார். துரையின் சீழ்க்கையை அவர் நடித்துக் காட்டியபோது தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சிரிப்பு அடங்கியதும் தலைவியம்மா மற்ற ஊர் இணைப்பாளர்கள் பக்கம் திரும்பினார். "உங்க இடங்கள்லயும் வாளி கொடுத்தீங்களா?" என்று கேட்டார். ஒருவர் குடை கொடுத்திருந்தார். ஒருவர் போர்வை. லோஜினியின் புரோகிராமை எல்லா இடத்துக்கும் போடுவது, அடுத்த மாதமே எல்லாத் தோட்டத்திலும் பெரட்டு வைப்பது என்று முடிவானது. போர்வை கொடுத்தவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். சுதாகரன் சேர் அன்றைக்குப் பஸ்ஸில் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார்.

பட்டியலில் வீட்டுக்காரர் பெயருக்கு ஒரு கட்டம்தான் இருந்தது. அதை உடைத்து, எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுதலாம் என்று லோஜினி மாற்றினாள். நாய்க்கும் அப்படியே ஆறு பெயர். திங்கட்கிழமை ஆறு வீட்டுக்கும் அவரவர் வைத்த பெயரிலேயே மெசேஜ் போனது.

அங்கேதான் புதுத் தொல்லை பிறந்தது. பெரட்டில் நாய் யாரிடமும் போகாமல் உட்கார்ந்தது ஆறு வீட்டுக்கும் மானப் பிரச்சினையாகிவிட்டது. அது யார் நாய் என்பதைச் சோற்றால் தீர்த்துவிடுவது என்று இறங்கினார்கள். பூரணி கருவாடு வைத்தாள். மூக்கன் முட்டை வைத்தார். ராசம்மா தினமும் கோதுமை ரொட்டி எடுத்துக்கொண்டு மலை இறங்கி வந்தாள். மூன்றாவது திங்கட்கிழமை ஐந்து வீட்டில் இருந்து 1 வந்தது. ராசம்மாவிடம் இருந்து 4. 'எல்லாரும் பொய் சொல்றாங்க. அவன் நலம் இல்ல. எழும்ப மாட்டேங்கிறான். டொக்டர் நோனாவ அனுப்புங்க.'

லோஜினி டொக்டர் நோனாவைக் கூட்டிக்கொண்டு போனாள். நாய் பூரணியின் இஸ்தோப்பில் சாக்கு மூட்டை மாதிரிக் கிடந்தது. டொக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஆறு வீட்டாரையும் வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவரும் நேற்று என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார். கேட்டு முடியும்போது அவருக்கே களைத்துவிட்டது.

"நோய் இல்லை. தீனி. ஒரு நாளைக்கு ஒரு வீடு, ஒரு நேரம். ஞாயிறு பட்டினி. இல்லாட்டி இவர் செத்துப் போவார்" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

ஆறு பேரும் தலையாட்டினார்கள். இவர்கள் தலையாட்டுவதை நம்பினால் என்ன ஆகும் என்று லோஜினிக்குத் தெரியும். அவள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து பட்டியலில் இன்னொரு கட்டம் சேர்த்தாள். அடுத்த நாள் காலை முதல் புரோகிராம் தினமும் ஒரு வீட்டுக்கு மட்டும் மெசேஜ் அனுப்பியது: 'இன்று உங்கள் முறை. ஒரு நேரம் மட்டும்.' மற்ற ஐந்து வீட்டுக்கும்: 'இன்று உங்கள் முறை இல்லை.' ஞாயிறு, டொக்டரின் உத்தரவுப்படி, யாருக்கும் முறை இல்லை.

இரண்டு வாரத்தில் நாய் எழும்பி ஓடியது. மூன்றாவது ஞாயிறு காலை மூக்கனிடம் இருந்து ஒரு மெசேஜ் வந்தது. '4. இன்னைக்கு யார் முறையும் இல்லைன்னு போட்டிருக்கு. ஆனா பூரணி வீட்டுல இருந்து கருவாட்டு வாசம் வருது. உங்க மெசினுக்கு மூக்கு வைக்க ஏலாதா?'

லோஜினி வாசித்துவிட்டு, அந்த மாதத்தில் முதல் தடவையாக, பதிலைப் புரோகிராமிடம் விடாமல் தானே எழுதினாள்: 'அதுக்குத்தான் மாமா நீங்க இருக்கீங்க.'